மூன்று ஊர் சேர்ந்து ஒரு ஒன்பதாம் வகுப்பு வாங்கிய கதை

எங்கள் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்ட கருத்துரு முதல் தடவை திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து. பட்டாவில் புல எண் 114/2பி. கிராம சபைத் தீர்மானத்தில் வெறும் 114/2. அந்த 'பி' விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கக் கல்வி அலுவலகத்துக்கு ஆறு வாரம் ஆனது. சரிசெய்ய எங்களுக்கு இரண்டு மாதம்.

ஏன் இரண்டு மாதம் என்றால், கிராம சபை நினைத்தபோது கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாள்தான். எங்கள் கோப்பு திரும்பியது நவம்பர் மூன்றாம் வாரம். சிறப்புக் கூட்டம் கேட்கலாமே என்றேன். அதற்கு ஆட்சியர் அனுமதி வாங்குவதற்குள் ஜனவரியே வந்துவிடும் என்றார் ஊராட்சிச் செயலர். அவர் சொன்னது சரிதான்.

அதற்கு முன்பே ஒரு கிராம சபை வீணாகியிருந்தது. எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் மூன்று ஊராட்சிகளிலிருந்து வருகிறார்கள் என்பதால் மூன்றிலும் தீர்மானம் கேட்டார்கள். 2023 ஆகஸ்ட் 15 அன்று இரண்டு ஊரில் நிறைவேறியது. மூன்றாவது ஊரில் அன்றைக்கு அம்மனுக்கு ஆடிக் கூழ். மக்கள்தொகை 500-ஐத் தாண்டி 3,000 வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அறுபத்து நான்கு கையெழுத்தோடு மினிட் புத்தகத்தை மூடினார்கள். அக்டோபர் 2 வரை காத்திருந்தோம். நீங்கள் யாராவது இதில் இறங்கினால், தேதி குறிக்கும்முன் அந்தந்த ஊர்க் கோயில் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், அந்த ஊருக்கு இதில் அவ்வளவு விருப்பமும் இல்லை. அங்கேயும் ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது, எங்களுக்கு ஏன் தரம் உயர்த்தக்கூடாது என்று கேட்டார்கள். ஆலமரத்தடியில் மூன்று சாயங்காலம் பேசினோம். அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று இன்னும் காதில் இருக்கிறது. ஒரு அக்கா எழுந்து, "அரசாங்கம் சைக்கிள் குடுக்கிறது பதினொண்ணாவதுலதான். ஒன்பதாவது புள்ள எதுல வரும்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. காலைப் பேருந்தை இருபது நிமிடம் முன்னால் விடச் சொல்லி மூன்று ஊர்த் தலைவர்களும் சேர்ந்து போக்குவரத்துக் கழகக் கிளைக்கு மனு கொடுத்த பிறகுதான் சம்மதித்தார்கள். அந்த மனு மட்டும் பதினைந்தே நாளில் வேலை செய்தது. இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பொதுமக்கள் பங்குத் தொகை என்று எங்களிடம் கேட்டது ஒரு லட்சம். எட்டாவது படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி மூன்று ஊரும் பிரித்துப் போட்டுச் சலான் கட்டினோம். சிக்கல் இல்லை.

நிலம்தான் உதைத்தது. இருக்கும் இடம் போதாது என்ற குறிப்பு கோப்போடு வந்திருந்தது. பக்கத்து வயல்காரப் பெரியவர் ஒரு வருடமாகப் பிடி கொடுக்காமல் இருந்தவர். 2024 ஜனவரியில் மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் என்ற வங்கி ஊழியர், அங்குள்ள நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தைத் தானமாகக் கொடுத்த செய்தி வந்ததல்லவா, குடியரசு தின விழாவில் முதல்வர் விருதும் கொடுத்தாரே. அதை டீக்கடையில் பார்த்துவிட்டுப் பெரியவர் நேரே என் வீட்டுக்கு வந்தார். "அந்தம்மா ஒன்றரை ஏக்கர் குடுத்திருக்கு. நான் அறுபது சென்டுக்குக் கணக்குப் பாக்குறதா தம்பி?" காப்பிகூடக் குடிக்கவில்லை.

தானப் பத்திரம் எழுதும்போது ஒன்று கவனியுங்கள். யார் பெயருக்கு எழுதுவது என்பதை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பத்திர எழுத்தர் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரைப் போட்டு வைத்திருந்தார். பதிவுக்கு முதல் நாள் இரவு தலைமையாசிரியர் பார்த்ததால் தப்பித்தோம்.

கடைசித் தடங்கல் தூரம். 5 கிலோமீட்டருக்குள் வேறு உயர்நிலைப் பள்ளி இருந்தால் கருத்துரு நகராது. பக்கத்து உயர்நிலைப் பள்ளி எங்களுக்குச் சாலை வழியாக 6.2 கிலோமீட்டர். பிரிவு எழுத்தர் போனை எடுத்து, "கூகுள் மேப்புல 4.3 காட்டுது சார்" என்றார். அது ஏரிக்கரைத் தடம். கார்த்திகையில் கலங்கல் வழிந்தால் ஆள் போக முடியாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஒரு பையன் நடக்கும் படத்தைக் காட்டினேன். "போட்டோ சான்று ஆகாது சார்." மேப் மட்டும் ஆகுமா என்று வாய்வரை வந்தது, முழுங்கிக்கொண்டேன். ஒன்றியப் பொறியாளர் சாலையை அளந்து கொடுத்த சான்றோடு திரும்பப் போனால், நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதி. மார்ச் பாதியிலிருந்து ஜூன் வரை யாரும் கோப்பைத் தொடவில்லை. அந்த வருடம் எட்டாவது முடித்தவர்களில் நான்கு பெண் பிள்ளைகள் மேலே படிக்கப் போகவே இல்லை. இதை மட்டும் என்னால் விளையாட்டாகச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் கோப்பு சென்னை போனது, நீண்ட நாள் அங்கே தூங்கியது, ஆணை வந்தது. மூன்று ஊரிலும் மிட்டாய் கொடுத்தோம்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று: தரம் உயர்ந்ததும் ஒன்று முதல் ஐந்து வரை தனித் தொடக்கப் பள்ளியாகப் பிரிந்துவிடும். ஒரே வளாகம், இரண்டு பள்ளி, இரண்டு தலைமையாசிரியர், இரண்டு வருகைப் பதிவேடு. பீரோவைப் பிரித்தார்கள், பெஞ்சைப் பிரித்தார்கள். தண்டவாளத் துண்டு மணி ஒன்றுதான் இருக்கிறது. பெரிய பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடவேளை முடிந்து மணி அடித்தால், சின்னப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாவது மணி வாங்க எந்த நிதியில் எழுதுவது என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறோம்.