இடுப்பு இறங்கியது, ஸ்குவாட் இறங்கவில்லை: டயர் இழுத்துப் பார்த்த அனுபவம்

இந்த வாரம் ஸ்குவாட், அதாவது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, 110 கிலோவில் ஐந்து தடவை சுத்தமாகப் போனது. அதே வாரம் இடுப்பு நாடா 91 சென்டிமீட்டரில் நின்றது. டயர் இழுக்க ஆரம்பித்தபோது 98. இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். என் உடம்புக்கு இது பழக்கமே இல்லை. எடை தூக்கும் பருவத்தில் தொடையோடு தொப்பையும் வளரும். ஓட ஆரம்பித்தால் தொப்பையோடு தொடையும் கரையும். பல வருஷமாக இந்தக் கூத்துதான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில், வாசலை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் காம்ரேட்ஸ் ஓடுகிறவர். 1921-இல் தொடங்கிய ஓட்டம் அது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஏறக்குறைய 90 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவர் விடாமல் கூப்பிட்டதில் நானும் காலையில் ஓடப் போனேன். மூச்சு நன்றாகத் தேறியது, மறுக்க மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை பாரைத் தோளில் ஏற்றினால் தொடை ஒத்துழைக்காது. 95 கிலோவிலேயே நடுங்கும். மாதக்கணக்கில் அங்கேயே நின்றது.

அண்ணனிடமே கேட்டேன். "ஏத்தத்துல ஓடினதுக்கு உனக்குத் தொடை வலிக்கல தம்பி. எறக்கத்துல ஓடினதுக்கு வலிக்குது. டவுன் ரன்ல, அதான் டர்பனுக்கு எறங்கி வர்ற வருஷத்து ஓட்டத்துல, ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டுல எறங்கிப் பாரு, மறுநாள் மாடிப்படி எறங்க ரெண்டு பேரு பிடிக்கணும்" என்றார். விஷயம் அதுதான். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. தசை நாரை அதிகம் கிழிப்பதும் மறுநாள் வலியைக் கொண்டுவருவதும் இந்த வேலைதான். தசை சுருங்கிக்கொண்டு மட்டும் வேலை செய்தால், மூச்சு எவ்வளவு முட்டினாலும் மறுநாள் வலி குறைவு. சைக்கிள், மேட்டில் ஏறும் நடை, பாரம் இழுப்பது எல்லாம் இந்த வகை.

ஜிம்மில் யாரைக் கேட்டாலும் "கார்டியோ பண்ணினா மசில் போயிடும்" என்பார்கள். கார்டியோ என்றால் ஓட்டம், சைக்கிள் மாதிரி மூச்சு வாங்கவைக்கும் பயிற்சி. அந்தப் பேச்சுக்கு மூலம் ராபர்ட் ஹிக்சன் 1980-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு குழு எடை மட்டும், ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவது குழு இரண்டும். பத்து வாரம் நடந்தது. இரண்டும் செய்தவர்களுக்கு முதலில் பலம் ஏறியது, பிறகு நின்றது, கடைசி வாரங்களில் இறங்கியது. சரி, ஆனால் அவர்கள் செய்த அளவைப் பாருங்கள்: வாரத்துக்கு ஐந்து நாள் கனமான கால் பயிற்சி, ஆறு நாள் நாக்குத் தள்ளும் கார்டியோ. வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருகிற யார் அப்படிச் செய்கிறார்கள்? 2012-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது ஓட்டம்தான் பலத்தைக் கெடுக்கிறது, சைக்கிள் அவ்வளவாகக் கெடுப்பதில்லை என்று தெரிந்தது. 2022-இல் வந்த இன்னொரு திரட்டு, தசை வளர்ச்சிக்கும் உச்ச பலத்துக்கும் கார்டியோவால் சேதமில்லை, சட்டென்று வெடிக்கும் வேகம் மட்டும் கொஞ்சம் குறையலாம், அதுவும் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால்தான் என்றது. எனக்கு வெடிக்கும் வேகம் எதற்கு? நான் என்ன ரக்பியா ஆடுகிறேன்.

ஆக, கார்டியோவை விட வேண்டியதில்லை, இறக்கத்தை விட்டால் போதும். எடை ஏற்றித் தரையில் இழுக்கும் ஸ்லெட் வாங்கலாம் என்று பார்த்தால் விலை தலையைச் சுற்றியது. டயர் கடைக்குப் போனேன்.

டயர் தேர்வில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லாரி டயர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும், பார்க்க ஆசையாகவும் இருக்கும். ஆனால் அதன் பக்கச் சுவருக்குள்ளும் எஃகுக் கம்பி ஓடுகிறது. துளை போட்டால் டிரில் பிட் சிவந்து செத்துவிடும். பக்கி, அதாவது பின்னால் திறந்த சின்னச் சரக்கு வண்டி, அதன் டயரில் தரையில் படும் பகுதியில்தான் எஃகு. பக்கச் சுவர் பெரும்பாலும் நூல்தான், வெண்ணெய் மாதிரி இறங்கும். எனவே பக்கி டயர். பக்கச் சுவரில் துளை போட்டு, கண் போல்ட்டை இரண்டு பக்கமும் அகலமான வாஷர் வைத்து இறுக்கினேன். சின்ன வாஷர் வைத்தால் ரப்பருக்குள் புதைந்து பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே வட்டமாக வெட்டிய பிளைவுட், அதன்மேல் பிளேட்டுகளும் மணல் மூட்டையும். அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். டர்பன் கோடை மழைக்கு டயரில் தண்ணீர் நின்றால் கொசு குடும்பம் நடத்தும், வீட்டுக்காரி என்னையும் டயரையும் சேர்த்து வெளியே வைப்பாள்.

இதெல்லாம் ஒரு மத்தியான வேலை. என் உயிரை வாங்கியது கயிறு.

முதலில் கட்டியது கராஜில் கிடந்த நைலான் கயிறு. இழுத்தால் டயர் சறுக்காது, குதிக்கும். ஒரு அடி வைக்கிறேன், கயிறு நீள்கிறது, டயர் அசையவில்லை. இன்னொரு அடி, திடீரென்று டயர் என் குதிகாலைத் தேடி வருகிறது. ஓய்வாகக் கிடக்கும் டயரை அசைக்க வேண்டிய விசை, ஓடிக்கொண்டிருக்கும் டயரை இழுக்கும் விசையைவிட அதிகம். நைலான் நன்றாக இழுபடும் சரக்கு என்பதால் அந்த வித்தியாசத்தை உள்ளே சேர்த்து வைத்து மொத்தமாக விடுகிறது. இடுப்புப் பட்டையில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டு. முதுகுக்கு நல்லதே இல்லை. பாலியெஸ்டர் கயிற்றுக்கு மாறினேன், துறைமுகத்துப் பக்கம் படகுச் சாமான் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. குதிப்பு அடங்கிவிட்டது. பொருள் விற்கிறவர், எத்தனை அடிப் படகு என்று கேட்டார். டயர் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு வெட்டிக் கொடுத்தார்.

அடுத்தது நீளம். குட்டைக் கயிறாக இருந்தால் இடுப்பிலிருந்து டயருக்குச் செங்குத்தாக இறங்கும். இழுக்கும்போது டயரின் மூக்கை மேலே தூக்கிவிடும். தூக்கிய அளவுக்குத் தரையில் உராய்வு குறையும், 60 கிலோ ஏற்றியும் 40 கிலோ வேலைதான் நடக்கும். ஒன்றரை மீட்டர் கயிறில் கோணம் 34 டிகிரி பக்கம் வருகிறது. நாலு மீட்டரில் 12 டிகிரி. இதற்கு மேல் நீட்டினால் என் வீட்டு முற்றத்தில் திரும்ப இடமில்லை. நாலு மீட்டரில் நிறுத்திவிட்டேன்.

சரி, உண்மையில் எவ்வளவு இழுக்கிறேன்? இந்தக் கேள்விதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. ஸ்குவாட்டில் 110 என்றால் 110. டயரில் ஏற்றிய எடை வேறு, இழுக்கும் விசை வேறு. மீன் பிடிக்கிறவர்கள் பிடித்த மீனை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று வாங்கி, கயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவே மாட்டினேன். மொத்தம் 60 கிலோவுக்கு, காய்ந்த புல்லில் நகரும்போது முள் 33-ஐ ஒட்டி நிற்கிறது. கிளப்பும் கணத்தில் 40-ஐத் தொட்டு இறங்கும். மழை பெய்த மறுநாள் அதே புல், அதே எடை, முள் 24. தார் ரோட்டில் 44, கூடவே ரப்பர் தேயும் நாற்றமும் தெருவே எட்டிப் பார்க்கும் சத்தமும். அதாவது, "60 கிலோ இழுத்தேன்" என்று நோட்டில் எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. இப்போது தராசு காட்டுவதைத்தான் எழுதுகிறேன், ஈரமாக இருந்தால் 30-க்கு மேல் வரும்வரை பிளேட் சேர்க்கிறேன். தராசு வாங்குகிறவர்கள் அக்டோபர், நவம்பரில் போங்கள். ஷாட் மீன் பிடிக்கத் தடை உள்ள மாதங்கள், தூண்டில் கடையில் கூட்டம் இருக்காது, கடைக்காரர் நின்று பேசுவார்.

முதல் தடவை தார் ரோட்டில் இழுத்த அன்று எதிர்வீட்டு அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "தைப்பூசம் முடிஞ்சு போச்சே தம்பி, சித்ரா பருவத்துக்கு ரதம் இழுக்கவா பழகுற?" இங்கே காவடியில் முதுகில் கொக்கி மாட்டி ரதம் இழுக்கிறவர்கள் உண்டு, அக்காவின் தம்பியே இழுத்தவர். "கொக்கி எங்கே?" என்று என் முதுகைச் சுற்றிப் பார்த்தார். அன்றிலிருந்து தெருவில் எனக்கு ரதம் என்றுதான் பெயர்.

இழுக்கும் முறை: முன்னோக்கி நடக்கும்போது இடுப்புப் பட்டை, பின்னோக்கி நடக்கும்போது கையில் பிடி. பின்னோக்கி இழுப்பதை மட்டும் யாரும் விடாதீர்கள். முட்டிக்கு மேலே தொடை எரிகிற எரிச்சலில் பல்லைக் கடிப்பீர்கள், ஆனால் மறுநாள் ஸ்குவாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. முற்றத்தின் நீளம் போய்த் திரும்பி, நாடி 130-க்கு இறங்கும்வரை நிற்பது, மறுபடி. எனக்கு வயது நாற்பது. 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழித்தால் உச்ச நாடி 180 வருகிறது. இழுத்து முடிக்கையில் 160-ஐத் தாண்டும். மணிக்கட்டுக் கடிகாரத்தை நம்பவே வேண்டாம். பிடியை இறுக்கினாலே அது உளறும். ஒரு தடவை நான் செத்துக்கொண்டிருக்கையில் 88 என்று காட்டியது. நெஞ்சுப் பட்டைதான் சரி.

வார அட்டவணை பெரிய ரகசியமில்லை. எடை மூன்று நாள், டயர் இரண்டு நாள், சனிக்கிழமை கடற்கரை நடைபாதையில் யூஷாக்கா பக்கத்திலிருந்து புளூ லகூன் வரை நிதானமாகச் சைக்கிள். எடையும் டயரும் ஒரே நாளில் விழுந்தால் எடை காலையில், டயர் சாயங்காலம். இடைவெளி கிடைக்காவிட்டால் எடை முதலில்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொப்பையைக் கரைத்தது டயர் இல்லை, தட்டு. ஒரு கிலோ கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி. அதை டயர் இழுத்தே எரிக்க வேண்டுமென்றால் கோயில் ரதத்தையே கேட்க வேண்டும். டயர் செய்த உபகாரம், சாப்பாட்டைக் குறைத்த காலத்திலும் மூச்சையும் காலையும் இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டது. புரதக் கணக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம். 2018-இல் வந்த பெரிய திரட்டு ஆய்வு அதற்கு மேல் போனால் தசைக்குப் பெரிய லாபமில்லை என்கிறது. 84 கிலோவுக்கு 134 கிராம். பவுடரில் காசைக் கொட்டாமல் இங்கேயே தேற்றிவிடலாம்: முட்டைக்கு 6 கிராம், ஒரு கப் வேகவைத்த சுகர் பீன்ஸில் 15, டின் மீன் குழம்பு வாரத்துக்கு இரண்டு தரம், தயிருக்குப் பதில் அமாசி என்கிற இந்த ஊர்ப் புளித்த பால். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவ் மட்டும் மாதம் ஒரு தடவைக்கு இறங்கிவிட்டது. அதிலும் ரொட்டியின் உள் பஞ்சை அண்ணனுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவர் 90 கிலோமீட்டர் ஓடுகிறவர், அவருக்குச் செரிக்கும்.

இப்போதைய தகராறு: பக்கச் சுவரில் ஒரு வாஷர் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிகிறது. போல்ட்டை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றுவதா, டயரைச் சுற்றியே பட்டைக் கயிறு போடுவதா என்று முடிவாகவில்லை. அதற்குள் மனசு கர்லாக்கட்டைக்குப் போய்விட்டது. காலுக்கு டயர் இருக்கிறது, தோளுக்கும் மூச்சுக்கும் சேர்த்து வேலை தர அதைவிட ஒன்று தோன்றவில்லை. இணையத்தில் விற்பதெல்லாம் எடை குறைவு, பிடி குட்டை. அண்ணன் வீட்டில் வெட்டிப்போட்ட மாமரக் கிளை ஒன்று கிடக்கிறது. காய்ந்த பிறகு வெடிக்காமல் நிற்குமா, கடைசல் பிடிக்கும்போது பிடியிலிருந்து தலைவரை ஒரே துண்டாக எடுக்கலாமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமரம் வேண்டாம் என்றால் சலிக்னா (ஒரு யூகலிப்டஸ் மரம்) பலகைக் கடையில் கனமான துண்டு கேட்டு வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.