உலக சினிமாவை எங்கிருந்து ஆரம்பிப்பது? கோக்கரிலிருந்து

"உலக சினிமா பார்க்கணும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் பட்டியல் தருவதில்லை. சாவதற்குள் பார்க்க வேண்டிய நூறு படங்கள், தவறவே விடக்கூடாத ஐம்பது படங்கள் என்று இணையத்தில் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதில் முதலில் இருப்பதைப் போட்டு, அரைமணி நேரத்தில் தூங்கிப்போய், இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது என்று ஒதுங்கிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டியலுக்குப் பதில் நான் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்வேன். கோக்கர். ஈரானின் வடக்கே கீலான் மாகாணத்தில் உள்ள ஒரு சின்னக் கிராமம். அந்த ஊரையும் சுற்று வட்டாரத்தையும் வைத்து ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி மூன்று படங்கள் எடுத்தார். மூன்றையும் வரிசை மாறாமல் பாருங்கள். வரிசை ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு படமும் அதற்கு முந்தைய படத்துக்குள் போய் அதன் கதவைத் திறந்து காட்டுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்று நல்ல படங்கள்தான், சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது வேறு.

முதல் படம் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?' (1987). ஈரானில் சிறுவர்களுக்காக 1965-இல் தொடங்கப்பட்ட கானூன் என்ற அமைப்பு தயாரித்தது. கியாரோஸ்தமி சினிமா கற்றுக்கொண்டதே அங்கேதான் என்று சொல்லலாம், தன் முதல் குறும்படத்தையும் 1970-இல் அவர்களுக்காகத்தான் எடுத்தார்.

கதை ஒரு நோட்டுப் புத்தகம். வாத்தியார் வகுப்புக்குள் வருகிறார், வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறார். நேமத்ஸாதே என்ற பையன் நோட்டில் எழுதாமல் தனித் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். வாத்தியார் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்னொரு தடவை இப்படி வந்தால் பள்ளிக்கூடத்தைவிட்டே அனுப்பிவிடுவேன் என்கிறார். பையன் அழுகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அஹ்மதின் முகத்தைப் பாருங்கள், நடிப்பு என்ற வார்த்தையே அங்கே பொருந்தாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், நேமத்ஸாதேயின் நோட்டு இவனிடம் இருக்கிறது. இரண்டு நோட்டுக்கும் ஒரே மாதிரி அட்டை. அவன் இருப்பதோ போஷ்தே என்ற பக்கத்து ஊரில். நோட்டைக் கொடுக்காவிட்டால் நாளைக்கு அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். அவ்வளவுதான் கதை.

இதில் எனக்கு மிகப் பிடித்தது அம்மாவுடன் வரும் காட்சி. அம்மா முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். அஹ்மத் சொல்கிறான்: நோட்டு மாறி வந்துவிட்டது, கொண்டுபோய்க் கொடுக்கணும். அவள் சொல்கிறாள்: வீட்டுப்பாடத்தை முடி, அப்புறம் விளையாடப் போகலாம். விளையாட இல்லை, நோட்டைக் கொடுக்க என்கிறான். வீட்டுப்பாடத்தை முடி என்கிறாள். நடுவில் குழந்தை அழுகிறது, தொட்டிலை ஆட்டச் சொல்கிறாள், பால் பாட்டிலை எடுத்து வரச் சொல்கிறாள், அவன் எல்லாவற்றையும் செய்துவிட்டுத் திரும்ப வந்து அதே வாக்கியத்தைச் சொல்கிறான், அவள் திரும்ப அதே பதிலைச் சொல்கிறாள். அவள் கெட்டவள் இல்லை, கையில் வேலை இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இவன் சொல்வது அவள் காதில் ஏறவே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கோ, அம்மா ஒரு நிமிஷம் கேளும்மா என்று திரையைப் பார்த்துச் சொல்லத் தோன்றும்.

பிறகு ஓடுகிறான். ஒரு குன்று, அதன் மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதை, உச்சியில் ஒற்றை மரம். கியாரோஸ்தமி பெயரைச் சொன்னாலே பலருக்கும் நினைவு வருவது இந்தக் காட்சிதான். அந்தப் பாதை அங்கே இருந்ததில்லை, படத்துக்காகவே போட்டது. போஷ்தேயில் போய்க் கேட்டால் பாதி ஊருக்கு நேமத்ஸாதே என்றுதான் பெயர். திரும்பி வருகிறான், தாத்தா பிடித்துக்கொள்கிறார். சிகரெட் எடுத்து வா என்று வீட்டுக்கு விரட்டுகிறார், அவர் பையிலேயே சிகரெட் இருக்கிறது. எதற்கு அனுப்பினாய் என்று பக்கத்தில் இருப்பவர் கேட்க, பையன் சொன்ன பேச்சைக் கேட்டு வளரணும் அதற்குத்தான் என்கிறார், என் அப்பா எனக்கு வாராவாரம் காசு கொடுப்பார், இரண்டு வாரத்துக்கு ஒருதடவை அடிப்பார், காசைச் சில சமயம் மறந்துவிடுவார், அடியை மட்டும் மறந்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறார். பையன் தப்பே செய்யாவிட்டால்? ஏதாவது சாக்குக் கண்டுபிடித்து அடிக்க வேண்டியதுதான். இந்த உரையாடலுக்கு விளக்கம் தேவைப்படாத நாடு நம்முடையது.

கடைசியில் இருட்டும் நேரத்தில் ஒரு கிழவர் வழிகாட்ட வருகிறார். ஊரில் உள்ள மரக்கதவு, ஜன்னல் எல்லாம் அவர் செய்தது, இப்போது எல்லாரும் இரும்புக் கதவுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அவர் மெதுவாக நடக்கிறார், ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று இது நான் செய்த கதவு என்கிறார், இவனுக்கோ நேரமாகிறது. உள்ளே விளக்கேற்றியதும் ஜன்னலின் மரவேலைப்பாடு எதிர்ச் சுவரில் நிழலாக விழுகிறது. படம் பார்க்கும்போது அந்த இடத்தில் ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள். கிழவர் கடைசியில் காட்டுவது தவறான வீடு. நோட்டு என்ன ஆயிற்று, மறுநாள் வகுப்பில் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் படம் வந்து மூன்று வருஷம் கழித்து, 1990 ஜூன் 21 நள்ளிரவு தாண்டி, அந்தப் பகுதியில் பெரிய நிலநடுக்கம். 30,000-க்கும் அதிகமானோர் இறந்துபோனார்கள். கோக்கர் இடிந்து விழுந்தது. படத்தில் நடித்த இரண்டு பையன்களும் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் கியாரோஸ்தமி தன் மகனைக் கூட்டிக்கொண்டு டெஹ்ரானிலிருந்து காரில் கிளம்பிப் போனார். அந்தப் பயணம்தான் இரண்டாவது படம், 'அண்ட் லைஃப் கோஸ் ஆன்' (1992). ஒரு டைரக்டர், அவருடைய மகன் பூயா, ஒரு பழைய கார், விரிசல் விட்ட சாலைகள். முந்தைய படத்தின் போஸ்டரைக் காட்டி, இந்தப் பையனைப் பார்த்தீர்களா என்று வழியெல்லாம் கேட்கிறார்கள்.

மூன்றில் எது சிறந்தது என்றால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பேரழிவு நடந்த இடத்துக்குக் கேமராவோடு போவது லேசான காரியமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களில் அழுகிற முகத்துக்கு எதிரே மைக் நீட்டப்பட்ட காட்சிகளை எத்தனை பார்த்தோம். கியாரோஸ்தமியின் கேமரா அழுகிற முகங்களைத் தேடிப் போகவில்லை. இடிபாடுகளிலிருந்து கம்பளத்தை இழுத்துக்கொண்டிருப்பவர்கள், தண்ணீர் தூக்குகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் என்று ஏதாவது ஒரு வேலையில் இருப்பவர்களையே காட்டுகிறது. ஒருத்தர் கூடாரங்களுக்கு நடுவில் டிவி ஆன்டெனா கட்டிக்கொண்டிருக்கிறார். உலகக் கோப்பை கால்பந்து நடந்துகொண்டிருந்த சமயம், நிலநடுக்கம் வந்த அதே இரவில் பிரேசிலும் ஸ்காட்லாந்தும் ஆடின. இத்தனை சாவுக்கு நடுவில் மேட்ச் பார்ப்பதா என்று டைரக்டர் கேட்கிறார். ஆன்டெனாக்காரர் வீட்டிலும் சாவு. உலகக் கோப்பை நாலு வருஷத்துக்கு ஒருதடவைதானே வருகிறது, என்ன செய்வது என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கல்நெஞ்சம் துளியும் இல்லை. துக்கம் நடந்த வீட்டில் பத்தாம் நாள் யாராவது லேசாகச் சிரிப்பதைக் கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி உடனே புரிந்துவிடும்.

முதல் படத்தில் நடித்த ரூஹி என்ற முதியவரை வழியில் பார்க்கிறார்கள். அந்தப் படத்தில் என்னைக் கிழவனாகக் காட்டினார்கள், கூன் வேறு வைத்தார்கள் என்று குறைப்படுகிறார். ஒரு வீட்டைக் காட்டி என் வீடு என்கிறார். பேச்சு நீண்டதும், இது படத்தில் எனக்குக் கொடுத்த வீடு, என் சொந்த வீடு நிலநடுக்கத்தில் போய்விட்டது என்கிறார். நான் முதலில் பார்த்தபோது இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். டைரக்டர் தன் பொய்யைத் தானே, அதுவும் அந்த ஊர்க்காரர் வாயாலேயே சொல்ல வைக்கிறார். இன்னொரு வீட்டு வாசலில் ஒரு புது மாப்பிள்ளை. சொந்தத்தில் 65 பேர் போய்விட்டார்கள், அந்தக் குழப்பத்திலேயே கல்யாணத்தை முடித்துக்கொண்டோம் என்கிறான். ஐந்து நிமிடம்கூட வராத காட்சி. அதை மறந்துவிடாதீர்கள்.

ஏனென்றால் மூன்றாவது படமான 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்' (1994) முழுக்க அந்தக் காட்சியை எடுத்த கதைதான். படம் தொடங்கியதும் ஒரு நடிகர் கேமராவைப் பார்த்து, நான் டைரக்டராக நடிக்கிறேன், மற்றவர்கள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள் என்று சொல்லிவிடுகிறார். புது மாப்பிள்ளையாக நடிக்கும் உசேன் ஒரு கொத்தனார், படிப்பில்லை. பெண்டாட்டியாக நடிக்கும் தாஹிரேயை அவன் நிஜமாகவே பெண் கேட்டிருக்கிறான். சொந்த வீடு இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது என்று மறுத்துவிட்டார்கள். நிலநடுக்கத்தில் அவளுடைய அப்பா அம்மா இறந்துபோனார்கள், இப்போது பாட்டியும் மறுக்கிறாள். கேமரா ஓடும்போது கணவன் மனைவி, கேமரா நின்றதும் அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. திரும்பத் திரும்ப டேக் போகிறது. 65 பேர் செத்துப்போனார்கள் என்று சொல்லச் சொன்னால் உசேன் 25 என்கிறான். 65 என்று சொல்லு என்கிறார்கள். மறுபடியும் 25. கேட்டால், எங்கள் குடும்பத்தில் போனது 25 பேர்தான் என்கிறான். முந்தைய படத்தில் நாம் கேட்ட அந்த 65 எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிகிறது. வரிசையாகப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

உசேனுக்கு ஒரு சித்தாந்தம் வேறு இருக்கிறது. படித்தவர்கள் படிக்காதவர்களைக் கட்டிக்கொள்ளணும், வீடு உள்ளவர்கள் வீடு இல்லாதவர்களைக் கட்டிக்கொள்ளணும், அப்போதுதான் எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும், இரண்டு வீடு இருந்தால் தலையை ஒன்றிலும் காலை ஒன்றிலும் வைத்தா தூங்க முடியும் என்று கேட்கிறான். இவ்வளவு தெளிவாகச் சமத்துவம் பேசிய காதலனை நான் வேறு எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.

ஆனால் இந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஒரு நெருடல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லியும் விடாமல் பின்னாலேயே போகிறவனைக் காதலன் என்று கொண்டாடியே பழகிய சினிமா நம்முடையது. உசேனும் பின்னாலேயே போகிறான், பேசிக்கொண்டே போகிறான். நம் படங்களில் இதற்கு எப்போதும் ஒரே முடிவுதான், கதாநாயகி கடைசியில் சிரித்தாக வேண்டும். இங்கே தாஹிரே நமக்காக எதுவும் செய்யவில்லை. அவள் மனதில் என்ன என்று கேமரா தோண்டவில்லை, முகத்தை நெருக்கத்தில் காட்டி நம்மை ஊகிக்கவிடவும் இல்லை. கடைசிக் காட்சியில் கேமரா குன்றின் மேலேயே நின்றுவிடுகிறது, இருவரும் பச்சை வயலில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், என்ன பேசினார்கள் என்று நமக்குக் கேட்காது. அந்தத் தூரம் அவளுக்குக் கொடுத்த மரியாதை என்று இப்போது நினைக்கிறேன். இருந்தாலும் அவள் பக்கத்துக் கதையை ஒரு பெண் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி எனக்குப் போகவில்லை.

சரி, முதல் படத்தின் பையன்கள் என்ன ஆனார்கள்? இரண்டாவது படம் அதைச் சொல்லாமலே முடிந்துவிடும். மூன்றாவது படத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள், பூந்தொட்டி கொண்டுவந்து கொடுக்கும் இரண்டு பையன்கள் வருகிறார்கள், கொஞ்சம் வளர்ந்திருக்கிறார்கள். யாரும் அவர்களை அறிமுகப்படுத்துவதில்லை.

பார்க்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. செல்போனில் பார்க்காதீர்கள். இவருடைய படங்களில் முக்கியமானது எப்போதும் தூரத்தில், சின்னதாக நடக்கும், கைக்குள் அடங்கும் திரையில் அது தெரியவே தெரியாது. மூன்றுமே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் ஒரே நாளில் மூன்றையும் பார்க்க வேண்டாம். முதல் படத்தை வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு பாருங்கள். சப்டைட்டில் வேகமாகப் படிக்க வராத பிள்ளைகளுக்கு நீங்களே வாசித்துச் சொன்னால் போதும், வசனம் குறைவு, சொன்னதையே திரும்பச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

இந்த மூன்றும் பிடித்துவிட்டால் அடுத்து கியாரோஸ்தமியின் 'க்ளோஸ்-அப்' (1990). தன்னைப் பிரபல டைரக்டர் மக்மல்பஃப் என்று சொல்லி ஒரு குடும்பத்தை நம்பவைத்த ஒரு ஏழையின் உண்மைக் கதை, நடித்ததும் அந்த மனிதரும் அந்தக் குடும்பமுமேதான். அதற்குப் பிறகு ஜாஃபர் பனாஹி. 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்' படத்தில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர் அவர், அவருடைய முதல் படமான 'த வைட் பலூன்' (1995) கதையை எழுதிக் கொடுத்தவர் கியாரோஸ்தமி. புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கக் கிளம்பும் ஒரு சிறுமி, சாக்கடைக் கம்பிக்குள் விழுந்துவிடும் ஒரு பண நோட்டு. அதே பனாஹிக்குத்தான் 2010-இல் ஆறு வருஷச் சிறையும், 20 வருஷம் படம் எடுக்கத் தடையும் விதித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. வீட்டுக்குள்ளேயே எடுத்தார், டாக்ஸி ஓட்டிக்கொண்டே எடுத்தார், 2025-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதும் வாங்கினார். அந்த டாக்ஸி படத்தைப் பற்றி மட்டுமே இன்னொரு பதிவு எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் முதலில் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.