யமனுக்கும் ஒரு கோலம்

நேபாளத்தில் தீபாவளி ஐந்து நாள். திகார் என்கிறார்கள். பஞ்சாங்கத்தில் அதற்கு யமபஞ்சகம் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. ஐப்பசி அமாவாசையை ஒட்டி, நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி போடும் அதே நாட்களில், அங்கே முதல் நாள் காகத்துக்குப் பூசை. அடுத்த நாள் நாய்க்கு. மூன்றாம் நாள் பசுவுக்கும் லட்சுமிக்கும். நான்காம் நாள் எருதுக்கு. ஐந்தாம் நாள் உடன்பிறந்தவனுக்கு. காகம் யமனின் தூதன், நாய் யமன் வீட்டு வாசல் காவல். கடைசி நாளில் ஒரு சகோதரி தன் சகோதரனுக்காக யமனிடமே வாதாடுகிறாள்.

விளக்கு வரிசைகளைப் பார்க்கத்தான் நானும் தம்பியும் டெல்லி வழியாகக் காத்மாண்டு போனோம். விளக்குகள் அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் மனதில் நிற்பது அந்த யமன். சாவைப் பற்றிப் பேசினாலே “வாயை மூடு” என்று அதட்டும் வீட்டில் வளர்ந்தவள் நான். அங்கே அவனை உள்ளே கூப்பிட்டு, பூவும் பொட்டும் வைத்து, சாப்பாடு போட்டு, “இந்த வருஷம் கொஞ்சம் பொறு” என்று கேட்டு அனுப்புகிறார்கள்.

நம்மிடமும் இது அடியோடு இல்லாமல் போகவில்லை. நரக சதுர்த்தசி விடியற்காலையில் யம தர்ப்பணம் செய்யும் குடும்பங்கள் இன்றும் உண்டு. காகத்துக்கு ஒரு பிடி வைக்காமல் வாயில் சோறு வைக்காத பாட்டிகளும் உண்டு. அதனால் முதல் நாள் காலையில் காத்மாண்டுவை ஒட்டிய பாடன் நகரத்து மாடிகளில் காகத்துக்குச் சோறு வைப்பதைப் பார்த்தபோது எங்களுக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை.

அடுத்த நாள்தான் வியந்துபோனோம். குகுர் திகார். பாடன் தர்பார் சதுக்கத்தில் ஒரு கோயில் படிக்கட்டில் கறுப்புத் தெருநாய் ஒன்று படுத்திருந்தது. கழுத்தில் செவ்வந்தி மாலை மூன்று. நெற்றியில் செந்தூரம் குழைத்த அரிசிப் பொட்டு, ஈரம் காயாமல். ஒரு அரிசிமணி மூக்குவரை வழிந்து நின்றது. ஒரு பள்ளிச் சிறுமி வந்து நான்காவது மாலையைப் போட்டு, பொட்டுக்கு மேலேயே இன்னொரு பொட்டு வைத்து, வேகவைத்த முட்டையை உரித்து முன்னால் வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுப் போனாள். யாரும் அவளை வேடிக்கை பார்க்கவில்லை. டீக்கடைக்காரர், போலீஸ்காரர், செருப்புத் தைப்பவர் எல்லோரும் தங்கள் பங்குக்குத் தங்கள் தெரு நாய்களுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நேபாள போலீஸின் மோப்ப நாய்களுக்கும் அன்று மாலையும் மரியாதையும் உண்டு. வருஷம் முழுக்கக் கல்லடி வாங்கும் நாய்க்கு ஒரு நாளாவது இது கிடைக்கிறதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

காத்மாண்டுவின் அசன் கடைத்தெருவை இந்த நாட்களில் பார்க்காமல் வரக்கூடாது. ஆறு தெருக்கள் வந்து கூடும் முனை, நடுவில் அன்னபூர்ணா கோயில். நடக்கவே இடம் இருக்காது. மண் அகல் விளக்குகள், செவ்வந்திச் சரங்கள், பிளாஸ்டிக் டப்பிகளில் ஏழு நிறப் பொட்டுப் பொடி, முந்திரி, பாதாம், உலர்ந்த தேங்காய், கற்கண்டு எல்லாம் கலந்து கட்டிய பொட்டலங்கள். குவியல் குவியலாக வாடாமல்லி. நம் ஊரில் தோட்டத்து ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் அதே வாடாமல்லி, இங்கே இந்த வாரத்தின் ராணி. ஏன் என்று ஐந்தாம் நாள் புரிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை நம்பிப் போகாதீர்கள். நம் 100 ரூபாய் அங்கே 160. மழைக்காலம் முடிந்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், ராத்திரி ஸ்வெட்டர் கட்டாயம். லட்சுமி பூசைக்குப் பிறகு கடைகளும் ஹோட்டல்களும் நிறைய மூடிவிடும். அதனால் முடிந்தால் ஒரு குடும்பத்தோடு தங்கும் ஹோம்ஸ்டே பாருங்கள்.

நாங்கள் தங்கியது பாடனில் ஒரு நேவார் குடும்பத்தோடு. நேவார்கள் காத்மாண்டு பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள், செங்கல்லிலும் மரச்செதுக்கிலும் அந்த நகரங்களை எழுப்பியவர்கள். லட்சுமி பூசை அன்று மாலை அந்த வீட்டம்மா தெருவாசலில் கோலமிட்டு, அங்கிருந்து மாடிப் பூசையறைவரை செம்மண்ணால் ஒரு பாதையே மெழுகி, அதன் மேல் லட்சுமியின் பாதம் பதித்தார். வீடு வீடாகப் பெண்பிள்ளைகள் பைலோ என்ற திகார் பாட்டைப் பாடி வந்தார்கள். முறத்தில் அரிசி, எரியும் விளக்கு, பணம், மேலே செல் ரோட்டி வைத்துக் கொடுக்க வேண்டும்.

செல் ரோட்டியைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஊறவைத்த அரிசியை அரைத்து, நெய், சர்க்கரை, ஏலக்காய் சேர்த்துப் பிசைந்து, இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைத்து ஊறவிடுகிறார்கள். மாவைக் கையில் அள்ளி, காய்ந்த எண்ணெயில் விரல் வழியே வட்டமாக விட்டு, தலையையும் வாலையும் சேர்த்துவிட வேண்டும். வீட்டம்மா ஒரே சுற்றில் முடித்தார். நீளமான குச்சியால் புரட்டி, அதே குச்சியில் கோத்துத் தூக்கினார். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. சுடச்சுட, கடுகெண்ணெய் வாசனையோடு உருளைக்கிழங்கு அச்சாரைத் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

நான்காம் நாள் அதிகாலையில் நாகர்கோட் போனோம். கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள மலைமுகடு. லாங்டாங் மலைத்தொடர் முதலில் சாம்பல், அப்புறம் ரோஜா, அப்புறம் கண் கூசும் வெள்ளை. எல்லோரும் சூரியோதயம் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தேல்கோட் வழியாகச் சாங்கு நாராயண் கோயில்வரை நடந்து இறங்குங்கள். அரை நாள் நடை, பெரும்பாலும் இறக்கம்.

அறுவடை நேரம் அது. அடுக்கடுக்கான வயல்களில் நெல் பாதி நின்றது, பாதி களத்தில் கிடந்தது. வீட்டுத் திண்ணைகளில் மக்காச்சோளக் கதிர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. எருதுகளுக்குக் கொம்பில் எண்ணெய் பூசி, கழுத்தில் மாலை. ஒரு வீட்டு முற்றத்தில் சாணத்தால் குட்டி கோவர்த்தன மலை பிடித்து, அதன் மேல் புல் நட்டு, பூ செருகியிருந்தார்கள். எங்கள் வழிகாட்டி இந்தியில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார். “நம்ம ஊர் மாட்டுப் பொங்கல் இங்க தீபாவளியிலேயே முடிஞ்சிடுதுக்கா” என்றான் தம்பி.

சாங்கு நாராயண் கோயில் முன்னால் மண்டியிட்டுக் கும்பிடும் கருடன், பக்கத்தில் மானதேவன் என்ற லிச்சவி அரசனின் கல்தூண். கி.பி. 464இல் வெட்டிய எழுத்து அதில் இருக்கிறது. தந்தை இறந்ததும் உடன்கட்டை ஏறப்போன தாயைத் தடுத்து நிறுத்தியதை அந்த அரசன் அதில் பதிந்து வைத்திருக்கிறான். யமனுக்கான இந்த நாட்களில் அந்தத் தூணின் முன் நிற்க வாய்த்ததைப் பெரும் பேறாக நினைக்கிறேன்.

அன்று இரவு பாடன் வீட்டில் மா பூசை. நேவார்களின் புத்தாண்டும் அன்றுதான். கி.பி. 879இல் தொடங்கிய நேபாள சம்வத் என்ற ஆண்டுக்கணக்கு. தரையில் நீள வரிசையாகக் கோலங்கள், வீட்டில் உள்ளவர்களுக்குத் தலைக்கு ஒன்று. மாவும் எண்ணெயும் தானியமும் வைத்துப் போட்டவை. எங்கள் இருவருக்கும் சேர்த்தே போட்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஆளில்லாமல் ஒரு கோலம்.

“அது யாருக்கு?” என்று கேட்டேன்.

“யமராஜனுக்கு,” என்றார் வீட்டுப் பெரியவர், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

அவரவர் தன் கோலத்தின் முன் உட்கார, தனக்குள் இருக்கும் உயிருக்கே பூசை நடக்கிறது. நெற்றிப் பொட்டு, நூல் மாலை, பழம், எரியும் நீளத் திரி. பிறகு சகுன்: அவித்த முட்டை, மீன், தோல் உளுந்தை அரைத்துத் தட்டிய பாரா, உயரத்திலிருந்து பித்தளைக் குடுவையால் ஊற்றும் ஐலா எனும் அரிசிச் சாராயம். என் திரி எரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்காக நானே கும்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் பாய் டிகா. வழிகாட்டி அவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கல்யாணமாகிப் போன அவருடைய அக்கா காலையிலேயே வந்துவிட்டார்; நாங்களும் அவரைத் ‘தீதி’ என்றுதான் கூப்பிட்டோம். நல்ல நேரத்தை நாட்டுக்கே ரேடியோவிலும் டிவியிலும் சொல்கிறார்கள். தீதி தன் தம்பியின் முன் அமர்ந்து செய்ததை, பக்கத்தில் என் தம்பிக்கு நான் செய்தேன். அறுகம்புல்லால் கடுகெண்ணெயும் நீரும் தொட்டு, அவனைச் சுற்றிக் கோடு விட்டபடி வலம் வர வேண்டும். அந்தக் கோட்டை யமன் தாண்ட மாட்டானாம். வாசலில் அக்ரூட்டை வைத்துக் கல்லால் நசுக்க வேண்டும், தடைகள் நொறுங்க. நெற்றியில் முதலில் அரிசிமாவால் வெள்ளைக் கோடு, அதன் மேல் மெல்லிய குச்சியால் ஒவ்வொரு நிறமாக ஏழு புள்ளி.

கடைசியில் வாடாமல்லி மாலை. தீதி கதை சொன்னார். தம்பியைக் கொண்டுபோக வந்த யமனிடம் அக்கா கேட்டாளாம்: “பூசையை முடித்துக்கொள்கிறேன். இந்த எண்ணெய் காயும்வரை, இந்தப் பூ வாடும்வரை பொறு.” யமன் சரி என்றானாம். பூ வாடவே இல்லை.

மாலையைப் போடும்போது தம்பி கேலி செய்வான் என்று நினைத்தேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

திரும்பும் வழியில் ராணி போக்கரியில் இறங்கினோம். மகனை இழந்த தன் ராணியைத் தேற்ற 1670இல் பிரதாப மல்ல மன்னன் வெட்டிய குளம். 2015 நிலநடுக்கத்தில் சிதைந்த நடுக்கோயிலை 2020இல் திரும்ப எழுப்பினார்கள். பொதுமக்களுக்கு அது திறப்பது பாய் டிகா அன்றுதான். அக்கா தங்கை, அண்ணன் தம்பி இல்லாதவர்கள் அன்று அங்கே வந்து கும்பிட்டுப் பொட்டு வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளைப் பாலம் முழுக்க வரிசை நின்றது. எங்களுக்கு முன்னால் தனியாக வந்த ஒரு பெரியவர், நெற்றி நிறையப் பொட்டோடு வெளியே வந்து, வரிசையில் நின்ற முன்பின் தெரியாத எங்களுக்கெல்லாம் தன் பொட்டலத்திலிருந்து கற்கண்டு கொடுத்துக்கொண்டே போனார்.