பூட்டாத வைஃபை

பக்கத்து வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு இல்லையென்றால் அதில் படம் பார்க்கலாமா? கேட்காமல் கூடாது என்பதுதான் என் பதில். பணம் கட்டுவது அவர்கள், நாம் பெரிய ஃபைலாக இறக்கினால் அவர்கள் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு திக்கித் திணறும், காரணமே தெரியாமல் தவிப்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-ம் அனுமதியில்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் நுழையக் கூடாது என்கிறது.

அதைவிடப் பெரிய பயம் வேறு. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல் நவி மும்பையில் ஒருவர் வீட்டுப் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது, விசாரணையில் சிக்கித் தவித்தது அந்த மனிதர். ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண், அந்த இணைப்பு யார் பேரில் இருக்கிறது என்று மட்டும்தானே காட்டும்? திறந்த வைஃபை கண்ணில் பட்டால் கதவைத் தட்டிச் சொல்லுங்கள், வயதானவர்கள் என்றால் நீங்களே பாஸ்வேர்டு போட்டுக் கொடுங்கள். அப்புறம் உங்களுக்கு அவசரம் என்றால் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.