காகாரின் கோப்பையின் எல்லைகள்: ஒரு ஹாக்கி லீக் விரிந்ததும் சுருங்கியதும்

2014 ஏப்ரல் 30 அன்று, யூரல் மலைப் பகுதியின் எஃகு நகரமான மக்னிதோகோர்ஸ்கில் நடந்த இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், உள்ளூர் மெட்டலுர்க் அணி பிராக் நகரின் லெவ் அணியை 7-4 என்ற கணக்கில் வென்று காகாரின் கோப்பையைக் கைப்பற்றியது. ரஷ்யாவுக்கு வெளியே உள்ள ஒரு கழகம், ரஷ்யாவை மையமாகக் கொண்ட ஐஸ் ஹாக்கிப் போட்டியான கான்டினென்டல் ஹாக்கி லீக்கின் (கே.எச்.எல்.) இறுதிச் சுற்றுவரை வந்தது அதுவே முதல் முறை. அந்தத் தொடரில் பிராகில் நடந்த ஆட்டத்தைப் பார்க்க 17,000க்கும் அதிகமானோர் திரண்டிருந்தனர். மெட்டலுர்க்கின் பயிற்சியாளர் மைக் கீனன், 1994இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு வட அமெரிக்க லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்று கொடுத்தவர். இரண்டு கோப்பைகளையும் வென்ற முதல் பயிற்சியாளர் என்ற பெயர் அன்று அவருக்குக் கிடைத்தது. ஆனால் கோப்பைக்கு ஒரே ஓர் ஆட்டம் குறைவாக நின்ற லெவ் அணி, அந்தக் கோடையிலேயே பணம் இல்லை என்று கலைக்கப்பட்டுவிட்டது. இறுதிச் சுற்றில் ஆடிய ஓர் அணி அடுத்த பருவத்தில் இல்லாமலே போகக்கூடிய லீக் எப்படிப்பட்டது என்ற கேள்வியோடுதான் நான் கே.எச்.எல். வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த வரலாறு 2008இல் தொடங்கினாலும் அதன் வேர் சோவியத் காலத்தில் இருக்கிறது. 1946 டிசம்பரில் முதல் சோவியத் ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்தே, மாஸ்கோவின் அணிகளோடு ரீகா, மின்ஸ்க், கீவ், கசகஸ்தானின் உஸ்த்-கமெனோகோர்ஸ்க் போன்ற நகரங்களின் அணிகளும் வெவ்வேறு காலங்களில் ஒரே போட்டியில் மோதிவந்தன. பின்னாளில் சோவியத் தேசிய அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளரான விக்தர் டிகோனோவ், மாஸ்கோவுக்கு அழைக்கப்படுவதற்கு முன்பு தம் முறைகளைச் செதுக்கிக்கொண்டது டினமோ ரீகாவில்தான். 1991இல் நாடு உடைந்தபோது போட்டி உடனே உடைந்துவிடவில்லை. 1992 முதல் 1996 வரை புதிய நாடுகளின் கழகங்கள் ஒரு பொது லீக்கில் சேர்ந்தே ஆடின. அதன் பிறகு ஒவ்வொரு நாடும் தன் வழியைப் பார்த்துக்கொள்ள, ரஷ்யாவுக்கு எஞ்சியது 1996 முதல் 2008 வரை நடந்த சூப்பர் லீக் மட்டுமே. ஆகவே 2008இல் புதிய லீக்கில் ரீகாவும் மின்ஸ்கும் அஸ்தானாவும் சேர்க்கப்பட்டதை ஒரு புதிய கண்டுபிடிப்பு என்பதைவிட, பழைய வரைபடத்தின் ஒரு பகுதியை மீண்டும் வரைந்தது என்று சொல்வதே பொருத்தம்.

இந்த முயற்சியின் முகமாக இருந்தவர் அலெக்சாந்தர் மெத்வேதெவ். அதிபராக இருந்த திமித்ரி மெத்வேதெவோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் காஸ்ப்ரோம் எரிவாயு நிறுவனத்தின் உயர் நிர்வாகி. 2008 கோடையில் ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை 147 டாலரைத் தொட்டிருந்தது. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்குக்குச் சவால் விடலாம் என்ற எண்ணம் இயல்பாகத் தோன்றக்கூடிய காலம் அது. ரஷ்யாவிலிருந்து 21 அணிகள், லாட்வியா, பெலாரஸ், கசகஸ்தான் நாடுகளிலிருந்து தலா ஒன்று என 24 அணிகளோடு 2008 செப்டம்பர் 2 அன்று ஆட்டங்கள் தொடங்கின. அன்று ரீகாவில் டினமோ அணியை எதிர்த்து ஆடியது, சீன எல்லைக்கு அருகே உள்ள ஹபாரோவ்ஸ்கின் அமூர் அணி. இந்த லீக் எவ்வளவு பெரிய நிலப்பரப்பைத் தன் களமாக எடுத்துக்கொண்டது என்பதை அந்த ஓர் ஆட்டமே காட்டிவிட்டது. கோப்பைக்கு விண்வெளி வீரர் யூரி காகாரினின் பெயரை வைத்ததும் சாமர்த்தியமான தேர்வு என்றே நினைக்கிறேன். எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் விளக்கம் தேவைப்படாத பெயர் அது.

முதல் பருவம் கோலாகலமும் துயரமும் கலந்தே கழிந்தது. அக்டோபர் 13 அன்று ஓம்ஸ்க் அவன்கார்ட் அணியின் 19 வயது வீரர் அலெக்சி செரெபானோவ் ஆட்டத்தின்போதே சுருண்டு விழுந்து இறந்தார்; அரங்கத்தின் மருத்துவ ஏற்பாடுகள் குறித்துக் கடும் கேள்விகள் எழுந்தன. மூன்று மாதம் கழித்து, மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் திறந்தவெளிப் பனித்தளம் அமைத்து, ரஷ்ய வீரர் யாஷின் தலைமையிலான அணிக்கும் யாகர் தலைமையிலான அணிக்கும் இடையே நட்சத்திர ஆட்டம் நடத்தினார்கள். செக் நாட்டின் யாரோமிர் யாகர் அப்போது அவன்கார்டில்தான் ஆடிக்கொண்டிருந்தார். இன்னொரு வேடிக்கையும் நினைவுக்கு வருகிறது. சோவியத் ஹாக்கியின் மாபெரும் தற்காப்பு வீரரும் லீக்கின் நிர்வாகக் குழுத் தலைவருமான வியாச்செஸ்லாவ் ஃபெதீசவ், 2009 டிசம்பரில் தம் 51ஆம் வயதில் மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அணிக்காக ஒரே ஓர் ஆட்டத்தில் களமிறங்கினார். தன் வரலாற்றை விளம்பரமாக்க இந்த லீக் என்றுமே தயங்கியதில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மீதிக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஸ்கா அணிக்குப் பின்னால் காஸ்ப்ரோம், சி.எஸ்.கே.ஏ. அணிக்குப் பின்னால் ரோஸ்நெஃப்ட் எண்ணெய் நிறுவனம், யாரோஸ்லாவ்லின் லோகோமோதிவுக்குப் பின்னால் ரஷ்ய ரயில்வே, மக்னிதோகோர்ஸ்கிலும் செரெபோவெட்ஸிலும் அந்தந்த ஊர் எஃகாலைகள். நுழைவுச் சீட்டும் தொலைக்காட்சி உரிமமும் தரும் வருமானத்தை நம்பி நடக்கும் கழகங்கள் அல்ல இவை. அரசு அல்லது பெருநிறுவனம் தன் நகரத்துக்கோ தன் பெயருக்கோ செய்யும் செலவு. இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஓர் எஃகாலை நகரம் தன் தொழிலாளர்களுக்குத் தரமான விளையாட்டைக் கொடுப்பதில் தவறு காண முடியாது. ஆனால் அதே ஏற்பாட்டை எல்லை தாண்டி வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோகும்போது, அங்கே அந்தச் செலவைச் செய்யப்போவது யார், எதற்காக, எத்தனை நாளைக்கு என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். பெரும்பாலான இடங்களில் அந்தப் பதில் தெளிவாக இருந்ததே இல்லை என்பது என் கருத்து.

விரிவாக்கத்தின் முதல் பெரிய அலை தொடங்கிய நேரத்தில்தான் லீக்கின் மிகக் கொடிய நாளும் வந்தது. 2011 செப்டம்பர் 7 அன்று, பருவத்தின் முதல் ஆட்டத்துக்காக மின்ஸ்குக்குப் புறப்பட்ட லோகோமோதிவ் அணியின் யாக்-42 விமானம் யாரோஸ்லாவ்லில் மேலெழும்ப முடியாமல் நொறுங்கியது. விமானத்தில் இருந்த 45 பேரில் 44 பேர் உயிரிழந்தனர். உயிர்பிழைத்தவர் விமானப் பொறியாளர் ஒருவரே. மோசமான காயங்களோடு மீட்கப்பட்ட வீரர் அலெக்சாந்தர் கலீமவ் ஐந்து நாட்களுக்குப் பிறகு மருத்துவமனையில் இறந்தார். இறந்தவர்களில் ஸ்லோவாக்கியாவின் பாவோல் தெமித்ரா, செக் நாட்டின் யான் மாரெக், லாட்வியாவின் கார்லிஸ் ஸ்க்ராஸ்தின்ஸ், பெலாரஸின் ருஸ்லான் சலேய், ஸ்வீடனின் ஸ்டெஃபான் லிவ், ஜெர்மனியின் ராபர்ட் டீட்ரிக், கனடாவைச் சேர்ந்த பயிற்சியாளர் பிராட் மெக்கிரிமன் ஆகியோர் இருந்தனர். பன்னாட்டு லீக் என்ற சொல் எத்தனை நாடுகளின் வீடுகளைத் தொடுகிறது என்பதை அந்தப் பட்டியலே உலகுக்குச் சொன்னது. ஊஃபாவில் நடந்துகொண்டிருந்த தொடக்க ஆட்டம் செய்தி வந்ததும் பாதியில் நிறுத்தப்பட்டது. லோகோமோதிவ் அந்தப் பருவத்தை இரண்டாம் நிலை லீக்கில் இளைஞர்களோடு ஆடிக் கழித்து, 2012இல் மீண்டும் கே.எச்.எல்.லுக்கு வந்தது. அந்தக் கழகம் காகாரின் கோப்பையை முதன்முதலாக வென்றது 2025இல்தான்.

2011இல் ஸ்லோவாக்கியாவின் போப்ரட் நகரில் லெவ் என்ற பெயரில் ஒரு கழகம் சேர்ந்தது; ஒரே பருவத்தில் அந்த இடம் பிராக் நகருக்கு மாறியது. 2012இல் பிராத்திஸ்லாவாவின் ஸ்லோவானும் உக்ரைனின் தோனெட்ஸ்க் தொன்பாஸும், 2013இல் குரோவாசியத் தலைநகர் ஸாக்ரெபின் மெத்வெஷ்சாக்கும் வந்தன. அதே 2013இல் பசிபிக் கரையில் விளாதிவோஸ்தோக்கின் அட்மிரல் அணி தொடங்கப்பட்டதால், ஒன்பது மணி நேர வித்தியாசம் கொண்ட இரு நகரங்கள் ஒரே அட்டவணையில் இடம்பெற்றன. 2013-14 பருவத்தில் எட்டு நாடுகளின் 28 அணிகள் ஆடின. இதற்கு முந்தைய ஆண்டு என்.எச்.எல்.லில் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையே ஏற்பட்ட ஊதியத் தகராறால் அங்கே ஆட்டங்கள் நின்றுபோக, ரஷ்ய நட்சத்திரங்களான ஒவேச்கின் டினமோ மாஸ்கோவுக்கும் மால்கின் மக்னிதோகோர்ஸ்குக்கும் தற்காலிகமாகத் திரும்பியிருந்தார்கள். அப்போது ஸ்காவில் ஆடிய இல்யா கவல்சூக், 2013 ஜூலையில் நியூஜெர்சி டெவில்ஸ் அணியோடு இன்னும் 77 மில்லியன் டாலர் மிச்சமிருந்த ஒப்பந்தத்தைத் துறந்து முழுவதுமாக ரஷ்யாவுக்கே வந்துவிட்டார். என்.எச்.எல்.லுக்கு மாற்று ஒன்று உருவாகிவிட்டது என்று நம்புவதற்கு அந்த ஓராண்டில் காரணங்கள் நிறையவே இருந்தன.

அந்த நம்பிக்கை 2014ஆம் ஆண்டைத் தாண்டவில்லை. உக்ரைனில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தபோது தொன்பாஸ் அணி தன் பிளே ஆஃப் (வெளியேற்றுச் சுற்று) ஆட்டங்களைச் சொந்த அரங்கத்தில் நடத்த முடியாமல் பிராத்திஸ்லாவாவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மே மாதத்தில் தோனெட்ஸ்கின் துருஷ்பா அரங்கம் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது. அந்தக் கழகம் லீக்குக்குத் திரும்பவே இல்லை. லெவ் கலைந்தது. ஆண்டு இறுதியில் ரூபிளின் மதிப்பு சரிந்ததும், ரூபிளில் ஊதியம் பெற்ற வெளிநாட்டு வீரர்கள் தம் வருமானம் டாலர் கணக்கில் தேய்ந்துபோவதைக் கண்டார்கள். அதே ஆண்டில் ஒரு பெரும் வரவும் இருந்தது: ஃபின்லாந்தின் தேசிய லீக்கை ஆறு முறை வென்ற ஹெல்சிங்கி யோகெரிட், தன் நாட்டு லீக்கை விட்டுவிட்டு கே.எச்.எல்.லுக்கு வந்தது. அது ஆடிய அரங்கத்தை முந்தைய ஆண்டே ரஷ்யத் தொழிலதிபர்களான தீம்செங்கோவும் ரோட்டன்பெர்க் குடும்பத்தினரும் வாங்கியிருந்தனர். ஆட்டத்தின் தரத்தைப் பொறுத்தவரை யோகெரிட் லீக்குக்குப் பெருமை சேர்த்தது என்பதில் ஐயமில்லை. 2018 மார்ச்சில் சி.எஸ்.கே.ஏ.வோடு அது ஆடிய பிளே ஆஃப் ஆட்டம் ஐந்தாவது கூடுதல் நேரம்வரை நீண்டு, 142 நிமிடங்களைக் கடந்த பிறகு யோகெரிட்டின் மிகா நியெமி அடித்த கோலால்தான் முடிந்தது.

மெத்வெஷ்சாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விரிவாக்கத்தின் உள்முரண் அங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. வெளிநாட்டு வீரர்களுக்கான வரம்பு ரஷ்யக் கழகங்களுக்குக் கடுமையாகவும் பிற நாட்டுக் கழகங்களுக்குத் தளர்வாகவும் இருந்ததால், ஸாக்ரெப் அணி பெரும்பாலும் கனடா, அமெரிக்க வீரர்களைக் கொண்டே கட்டப்பட்டது. முதல் பருவத்திலேயே பிளே ஆஃப் சுற்றுக்குப் போனார்கள், பார்வையாளர்களும் வந்தார்கள். ஆனால் குரோவாசிய ஹாக்கி அதனால் எவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு அதிகம் இல்லை. 2017இல் ஆஸ்திரியாவை மையமாகக் கொண்ட பழைய லீக்குக்கே திரும்பிய கழகம், இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கிருந்தும் விலகியது. ஸ்லோவான் 1921இல் நிறுவப்பட்ட, ஊரோடு ஊறிய கழகம் என்பதால் ஏழு பருவங்கள் தாக்குப்பிடித்தது. கடன் சுமையோடு 2019இல் ஸ்லோவாக்கிய லீக்குக்குத் திரும்பிச் சென்றபோது, திரும்பிச் செல்ல அதற்கு ஓர் இடமாவது இருந்தது.

சீனாவுக்குள் நுழைந்தது முற்றிலும் வேறு காரணத்துக்காக. 2022 குளிர்கால ஒலிம்பிக் போட்டி பெய்ஜிங்குக்கு என்று 2015 ஜூலையில் முடிவானதும், போட்டியை நடத்தும் நாட்டுக்கு ஒரு ஹாக்கி அணி வேண்டியிருந்தது. 2016இல் குன்லுன் ரெட் ஸ்டார் பிறந்தது. அதோடு 2016-17இல் அணிகளின் எண்ணிக்கை 29 என்ற உச்சத்தைத் தொட்டது. ஒலிம்பிக்கில் சீனாவுக்காக ஆடியவர்கள் குன்லுன் வீரர்கள்தான். அவர்களில் பலர் வட அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள். நான்கு ஆட்டங்களிலும் தோற்றார்கள். ஜெர்மனியிடம் 3-2 என்று போராடித் தோற்றது மட்டுமே ஆறுதல்.

29 அணிகளைத் தாங்க முடியாது என்பதை லீக்கே 2017இல் ஒப்புக்கொண்டு, எண்ணிக்கையைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. முதலில் நீக்கப்பட்டவற்றில் ஒன்று, மக்னிதோகோர்ஸ்க் அணியின் அதே பெயரைக் கொண்ட, நோவோகுஸ்னெட்ஸ்கின் மெட்டலுர்க். செர்கே பப்ரோவ்ஸ்கி, கிரில் கப்ரிசோவ் என்று என்.எச்.எல்.லையே கலக்கிய வீரர்களை வளர்த்தெடுத்த ஊர் அது. வரவு செலவும் தரவரிசையும் பார்த்து எடுத்த முடிவு என்றாலும், வீரர்களை விலைக்கு வாங்கும் கழகத்தை வைத்துக்கொண்டு, வீரர்களை உருவாக்கும் கழகத்தை வெளியே அனுப்பியதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 2020-21 பருவத்தில் ஓர் அணியின் மொத்த ஊதியத்துக்கு 900 மில்லியன் ரூபிள் என்ற கண்டிப்பான உச்சவரம்பு வந்தது. அது பத்தாண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய விதி.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த மறுநாளே, பிளே ஆஃப் சுற்றில் மாஸ்கோவின் ஸ்பார்டக்கைச் சந்திக்க வேண்டியிருந்த யோகெரிட் விலகுவதாக அறிவித்தது. அடுத்த சில நாட்களில், தொடக்கம் முதலே உடனிருந்த டினமோ ரீகாவும் வெளியேறியது. சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு ரஷ்யாவையும் பெலாரஸையும் தன் போட்டிகளிலிருந்து நீக்கியது. ஹெல்சிங்கியில் யோகெரிட்டின் அரங்கம் அதன் உரிமையாளர்கள்மீதான பொருளாதாரத் தடையால் மூடிக் கிடந்தது. கழகம் 2023இல் ஃபின்லாந்தின் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

இன்று ரஷ்யாவுக்கு வெளியே தன் சொந்த ஊரில் ஆடும் கழகங்கள் இரண்டே: மின்ஸ்கின் டினமோ, அஸ்தானாவின் பரீஸ். இரண்டும் 2008இல் முதல் நாளே இருந்தவை. இரண்டுக்கும் பின்னால் அந்தந்த நாட்டு அரசின் ஆதரவு இருக்கிறது. பட்டியலில் சீனாவும் இருக்கிறது. பெருந்தொற்றில் எல்லைகள் மூடப்பட்டபோது மாஸ்கோவை ஒட்டிய மிதிஷ்சிக்கு இடம்பெயர்ந்த குன்லுன், 2025இல் ஷாங்காய் டிராகன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, தன் சொந்த ஊர் ஆட்டங்களை செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நடத்துகிறது.