வெள்ளைப்படுதல்: மகளிர் ஓ.பி. நாட்குறிப்பு

நவம்பர் 3, 2025

கதவைச் சாத்திய பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். வெள்ளைப்படுகிறது, மீன் வாடை அடிக்கிறது, கணவரோடு சேர்ந்த பிறகு இன்னும் அதிகம். அரிப்பு இல்லை. மருந்துக் கடையில் பூஞ்சைக்கு மாத்திரை வாங்கி வைத்தும் கேட்கவில்லை. நாளுக்கு இரண்டு தடவை உள்ளே வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறாளாம்.

டாக்டர் பரிசோதித்தார். சாம்பல் வெள்ளையில் நீர்த்த கசிவு. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 4.5-க்கு மேல். ஸ்லைடில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் அதே வாடை. மைக்ராஸ்கோப்பில், பாக்டீரியா அப்பிக்கொண்டு ஓரம் மங்கிய செல்கள். இந்த நான்கு அடையாளங்களில் மூன்று இருந்தாலே பாக்டீரியல் வஜினோசிஸ் என்பது 1983 முதல் இருக்கும் ஆம்செல் முறை. இவளுக்கு நான்குமே இருந்தன.

"சுத்தமாத்தானே சிஸ்டர் இருக்கேன்?" என்று அழுதாள். இது அழுக்கால் வருவதில்லை. பிறப்புறுப்பின் உள்ளே இயல்பாக இருக்கும் லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா, லாக்டிக் அமிலம் சுரந்து மற்ற கிருமிகளை அடக்கி வைக்கும். அது குறைந்தால் கார்ட்னெரெல்லா போன்ற கிருமிகள் பெருகும். உள்ளே கழுவக் கழுவ நல்லதுதான் முதலில் போகும். வெளிப்புறம் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

மெட்ரோனிடசோல் 500 மி.கி., காலை இரவு, 7 நாள். வாய் கசக்கும், குமட்டும் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினேன். சொல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

நவம்பர் 5

வேறு எதற்கோ எடுத்த ரிப்போர்ட்டில் பாக்டீரியல் வஜினோசிஸ் என்ற இதே பெயரைப் பார்த்துப் பயந்துபோய் வந்தார் ஓர் அம்மா. வாடை, கசிவு, எந்தத் தொந்தரவும் இல்லை. மருந்து தேவையில்லை, பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சையோ கருக்கலைப்போ இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருந்து கொடுப்பதுண்டு.

நவம்பர் 11

செவ்வாய், கர்ப்பிணிகள் நாள். ஐந்து மாதக்காரி ஒருத்திக்கு வாடையும் கசிவும். "உடம்புச் சூடு, வெந்தயம் ஊற வெச்சுக் குடிச்சா போயிடும்" என்றார் மாமியார். குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி இதை விட முடியாது. குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புள்ள நோய் இது. தொந்தரவு இருக்கும் கர்ப்பிணிக்குச் சிகிச்சை கட்டாயம், மெட்ரோனிடசோல் கொடுக்கலாம். அடிவயிற்று வலி, காய்ச்சல், ரத்தம் என்றால் நாள் பார்க்காமல் உடனே வரச் சொன்னேன்.

நவம்பர் 14

திரும்பத் திரும்ப வரும் ஒரு பெண். பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வந்துவிடுகிறது. இந்த மார்ச்சில் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வெளியானது: கணவருக்கும் 7 நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும், ஆணுறுப்பில் தடவ கிளிண்டமைசின் கிரீமும் கொடுத்திருக்கிறார்கள். 12 வாரத்தில் மறுபடி வந்தது 35 சதவீதம். பெண்ணுக்கு மட்டும் கொடுத்த குழுவில் 63. இத்தனை காலம் பெண்ணை மட்டுமே படுக்க வைத்துப் பார்த்தோமே என்று எனக்குக் கோபமே வந்தது.

கணவரை அழைத்து வரச் சொன்னார் டாக்டர். வந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லையே சார்?" என்று தயங்கினார். ஆண்களுக்கு வெளியே தெரியாது, இதை வைத்து யார் மேலும் சந்தேகப்படவும் வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார் டாக்டர். சீட்டு இரண்டு பேருக்கும் எழுதினார். ஒரே நாளில் தொடங்க வேண்டும், மருந்து முடியும்வரை சேரக் கூடாது. தலையாட்டிவிட்டு, கிரீமை எப்படிப் போடுவது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனார்.