பாலாடாவை இரண்டாக உடைத்தேன்

நவம்பர் 2

லீவுக்கு நீலகிரி மலையில் இருக்கும் கேத்திக்கு வந்தால் கணக்கும் கூடவே வருகிறது. சித்தப்பா பிக்கப்பில் கேரட் லோடு அடிப்பவர். மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை தாமதமாகப் போய் விலை இறங்கிவிட்டதாம். "எல்லாம் இந்த ரோட்டால வர்ற வினை" என்றார். கல்லூரியில் நெட்வொர்க் பாடம் எடுப்பவள் சும்மா இருப்பேனா? ரோடுதானா என்று போட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். "போடு, போடு" என்று அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டினார்.

நவம்பர் 3

பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்தேன். தோட்டம், கேத்தி பாலாடா, குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம். கோடுகளின் மேல் மணிக்கு எத்தனை மூட்டை இறங்கும் என்ற எண். எல்லாம் சித்தப்பாவின் குத்துமதிப்பு. குன்னூரிலிருந்து பர்லியார் வழி 120, கோத்தகிரி வழி 50.

கணித அறிஞர்கள் ஃபோர்டும் ஃபல்கர்சனும் 1956இல் வெளியிட்ட தேற்றம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். தோட்டத்தை மண்டியிலிருந்து முழுதாகத் துண்டிக்க எந்தெந்தக் கோடுகளை வெட்ட வேண்டும்? வெட்டிய கோடுகளின் எண்களைக் கூட்டினால் வருவது அந்த வெட்டின் கொள்ளளவு. அப்படிப்பட்ட வெட்டுகளில் மிகச் சிறியதன் கொள்ளளவு எவ்வளவோ, அவ்வளவுதான் அதிகபட்சமாக அனுப்ப முடியும். இந்தக் கேள்வி கிளம்பிய இடம் சோவியத் ரயில் பாதைகள். ஹாரிஸும் ராஸும் 1955இல் எழுதிய அமெரிக்க ரகசிய அறிக்கை 1999இல்தான் வெளியே வந்தது. எங்கே அடித்தால் சரக்கு நிற்கும் என்று அவர்கள் தேடினார்கள். நம் மலையில் அந்த வேலையை மழையே பார்த்துக்கொள்கிறது.

நவம்பர் 4

விடியுமுன் பாலாடா. கழுவும் மெஷினின் டிரம் சுற்ற, சேற்று நீர் வாய்க்காலில் ஓடுகிறது. மறுபக்கம் கேரட் பளபளவென்று கொட்டுகிறது. வெளியே கழுவாத மூட்டைகள் வரிசை கட்டி நிற்க, அவற்றின் மேலேயே ஒருவர் குல்லாவை இழுத்துவிட்டுத் தூங்குகிறார். நின்று எண்ணினேன். எல்லா மெஷினும் சேர்ந்து மணிக்கு 90 மூட்டைதான்.

நேற்றைய படத்தில் இது இல்லவே இல்லை. பாலாடாவை வெறும் புள்ளியாக வைத்தது என் தப்பு. கொள்ளளவு கோட்டுக்குத்தான், புள்ளிக்குக் கிடையாது. அதனால் ஊரையே இரண்டாக உடைத்தேன்: பாலாடா-உள், பாலாடா-வெளி. நடுவில் ஒரே கோடு, அதன் மேல் 90. இரண்டு ரோடும் சேர்ந்து 170 தாங்கும். ஆக, சிறிய வெட்டு விழுவது மெஷினில்.

சித்தப்பா நம்பவில்லை. "அப்ப நான் இத்தனை வருஷமா ரோட்டைத் திட்டினது?" சித்தி சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நவம்பர் 6

மழை. கரண்ட் இல்லை.

நவம்பர் 7

பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைப்பு. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த ஊர் என்பதால் எல்லார் பேச்சும் தணிந்துதான் வருகிறது. 120ஐ அடித்தேன்; மிச்சம் 50. வெட்டு மெஷினை விட்டு ரோட்டுக்கு நகர்ந்துவிட்டது. இன்றைக்குப் புதிதாக எத்தனை மெஷின் வாங்கிப் போட்டாலும் ஒரு மூட்டை கூடுதலாக இறங்காது. சித்தப்பா ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நானும் ஒத்துக்கொண்டேன், இன்றைக்கு மட்டும்.

நவம்பர் 8

"உன் படத்துல மஞ்சூர் ரோடு எங்கம்மா?" என்றார் சித்தப்பா. கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் ரோடு. சுத்தமாக மறந்துவிட்டேன். பெரிய லாரி கஷ்டம், பிக்கப் போகும். கோடு போட்டு 20 என்று எழுதினேன். மொத்தம் 70.

பேனாவை வாங்கி அந்த 20க்குப் பக்கத்தில் அவரே எழுதினார்: "யானை நின்னா 0." பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.